ஆமைகள் வராத பருவம்

2022ஆம் ஆண்டின் நடுவில் எனக்கு ஒடிசா மாநிலம் கஞ்சம் மாவட்டத்துக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. தேசிய வங்கியில் பணிபுரிகிறவர்களுக்கு இது புதிதன்று. பெர்ஹாம்பூர் என்று நாம் அறிந்திருக்கும் பிரம்மபூரில் வீடு எடுத்தேன். கோரமண்டல் விரைவு வண்டி அங்கே நின்று செல்லும் என்பது மட்டுமே என் மனைவிக்கு ஆறுதலாக இருந்தது. பட்டுப் புடவைகளுக்குப் பெயர்பெற்ற அந்நகரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ருசிகுல்யா ஆறு வங்கக் கடலில் கலக்கிறது. அந்தக் கழிமுகத்தைப் பற்றி அதற்கு முன் நான் ஒரு வரியும் படித்ததில்லை.

2023 பிப்ரவரி இறுதியில் கிளையின் சக அலுவலர் ஒருவர் என்னை அங்கே அழைத்துச் சென்றார். நள்ளிரவு. வனத்துறையினர் கட்டியிருந்த வலைத் தடுப்புக்கு வெளியே நின்றோம். நிலவொளியில் கடற்கரை முழுவதும் கருங்கற்களைக் கொட்டி வைத்ததுபோல் இருந்தது. சற்று நேரத்தில் அந்தக் கற்கள் நகர்ந்தன. நம் ஊர் மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் அவை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, இடம் கிடைத்த இடத்தில் குழி தோண்டி, ஒவ்வொன்றும் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டு, மணலை மூடிக் கடலுக்குத் திரும்பின. இவ்வாறு திரளாகக் கரையேறுவதற்கு ‘அரிபாடா’ என்று பெயர். ‘வருகை’ எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல் அது. உலகில் மிகச் சில கரைகளில் மட்டுமே இது நிகழ்கிறது. ஒடிசாவின் கஹிர்மாதா கரை 1974இலும், ருசிகுல்யா 1994இலும்தான் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தன.

மறுநாள் காலை சென்னையில் விலங்கியல் இளங்கலை இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த என் மகளுக்குத் தொலைபேசியில் இதையெல்லாம் விவரித்தேன். அந்த ஆண்டு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் ருசிகுல்யாவில் முட்டையிட்டதாகப் பின்னர் கணக்கு வந்தபோது அதையும் சொன்னேன். அவள் வியப்பாள் என்று எதிர்பார்த்தேன். “யாரப்பா எண்ணினார்கள்?” என்று கேட்டாள்.

இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிறர் தரும் எண்களைச் சரிபார்ப்பதே என் பிழைப்பு. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றாமற் போனது சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

விசாரித்தேன். அத்தனை ஆமைகளையும் ஒருவர் விடாமல் எண்ணுவது இயலாத செயல். ஆகவே நீர்விளிம்பிலிருந்து மணல்மேடு வரை, குறிப்பிட்ட இடைவெளிகளில், கழியும் கயிறும் கொண்டு பட்டைகளைக் குறித்து வைக்கிறார்கள். இரவு முழுவதும் குறித்த நேரத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டைகளில் நடந்து, அந்நேரத்தில் முட்டையிட்டுக்கொண்டிருக்கும் ஆமைகளை மட்டும் எண்ணுகிறார்கள். ஏறி வருவதையும் திரும்பிச் செல்வதையும் சேர்த்துக்கொண்டால் ஒரே ஆமை இருமுறை பதிவாகிவிடும். பட்டைகளில் கிடைத்த எண்ணிக்கையைக் கடற்கரையின் மொத்தப் பரப்புக்கும், திரள் நீடித்த நேரத்துக்கும், ஓர் ஆமை முட்டையிட எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கும் ஏற்ப விரித்து மதிப்பிடுகிறார்கள். தணிக்கையாளர் கிளைக்கு வந்தால் எல்லா ரசீதுகளையுமா புரட்டுகிறார்? மாதிரி எடுத்துத்தானே பார்க்கிறார்! முறை எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தப் பட்டைகளில் இரவெல்லாம் நடப்பவர்கள் யார் என்பதுதான் எனக்குப் புதிய செய்தி. வனத்துறை ஊழியர்கள், ஆய்வாளர்கள், கரையோரச் சிற்றூர்களின் மீனவ இளைஞர்கள் ஆகியோருடன் பருவகாலப் பயிற்சிப் பணிக்கு வந்த கல்லூரி மாணவர்களும் அவர்களில் உண்டு.

ஆங்கிலத்தில் ‘இன்டர்ன்ஷிப்’ என்றதும் நம் நினைவில் எழுவது குளிரூட்டப்பட்ட அலுவலகம். இது வேறு வகை. இதற்கு நாள்காட்டி வகுப்பது ஆமைதான். நவம்பரில் ஆமைகள் கரையோரக் கடலில் கூடத் தொடங்கும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை முட்டையிடும். முட்டைகள் பொரிய ஏறத்தாழ 45 முதல் 60 நாட்கள் ஆகும். ஆகவே பணி ஜனவரியில் தொடங்கி மே மாதத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு அந்த வேலையே இல்லை.

என் மகளுக்கு இந்த உலகம் முற்றிலும் புதிதன்று. சென்னையில் 1988ஆம் ஆண்டிலிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இயங்கிவருகிறது. ஒவ்வோர் ஆண்டும் பருவ இரவுகளில் அதன் தன்னார்வலர்கள் நீலாங்கரை, பெசன்ட் நகர்க் கரைகளில் நடந்து, முட்டைகளைக் கண்டெடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். கல்லூரி நாட்களில் அவளும் வாரக் கடைசிகளில் அவர்களோடு நடந்திருந்தாள். நான் அதைப் பிள்ளைகளின் பொழுதுபோக்காகவே எண்ணியிருந்தேன்.

பட்டம் பெற்ற பின் வங்கித் தேர்வுக்குப் பயிற்சி பெறுவாள் என்று நானும் என் மனைவியும் தீர்மானித்திருந்தோம். (நாங்கள்தான் தீர்மானித்திருந்தோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.) அவளோ ஆய்வுக் குழு ஒன்றுக்கு விண்ணப்பித்து, 2024ஆம் ஆண்டின் பருவத்துக்கு ருசிகுல்யாவில் மூன்று மாதப் பயிற்சிப் பணி பெற்றுவிட்டாள். வீட்டில் நிகழ்ந்த விவாதத்தை இங்கே விரிப்பதற்கில்லை. என் மனைவி கேட்டது பாதுகாப்பைப் பற்றி. நான் கேட்டது செலவைப் பற்றி. வணிகவியல் படித்தவன் வேறு எதைக் கேட்பான்?

கணக்கைத் தாளில் எழுதித் தரச் சொன்னேன். தங்குமிடம் குழுவினுடையது. உணவுக்கு அவள் பங்கு மாதம் 3,500 ரூபாய் வீதம் மூன்று மாதங்களுக்கு 10,500. பயணத்துக்கு 4,200. சிவப்பு ஒளி தரும் தலைவிளக்கு, காலணி, மழைச்சட்டை முதலியவற்றுக்கு 3,800. மருந்து, தொலைபேசி, சில்லறைச் செலவு 1,900. ஆக மொத்தம் 20,400. குழு தரும் ஊக்கத்தொகை மாதம் 5,000 வீதம் 15,000. பற்றாக்குறை 5,400 ரூபாய். தொகை சிறிதுதான், நான் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தத் தாளைப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. இந்தத் தொகையைக் கொடுக்கவும், மூன்று மாதம் சம்பாதிக்காத பிள்ளையைத் தாங்கவும் முடியாத வீட்டில் பிறந்தவர்கள் இந்தத் துறையின் வாசலுக்கு எவ்வாறு வருவார்கள்? ஊக்கத்தொகையே தராத அமைப்புகளும், பயிற்சிக்கு வருவோரிடமே பணம் பெறும் அமைப்புகளும் உண்டு. ஆகவே இத்துறைக்கு வருவோரில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே மிகுதி என்று அவளே என்னிடம் பின்னர் சொன்னாள்.

2024 ஜனவரியில் வந்து சேர்ந்தாள். என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுதான் என்றாலும், பத்து நாட்களுக்கு ஒருமுறைகூட வரவில்லை. வந்தால் தூங்கினாள். அவள் சொல்லிக் கேட்டதையும் இருமுறை நானே சென்று கண்டதையும் எழுதுகிறேன்.

இரவில் கரையில் நடப்பது பணியின் ஒரு பகுதி மட்டுமே. வெள்ளை ஒளி ஆமையைக் கலைத்துவிடும் என்பதால் சிவப்பு விளக்குத்தான். அதையும் பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பார்கள். பகலில் கரையின் சரிவை அளப்பார்கள். ஆற்று முகம் இடம் மாறும்போதும், அலை மணலை அரிக்கும்போதும் முட்டையிடும் பரப்பு சுருங்கிவிடுகிறது. மணலுக்குள் வெப்பத்தைப் பதிவுசெய்யும் சிறு கருவிகளைப் புதைத்து எடுப்பார்கள். ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகள் மிகுதி.

காலையில் இறந்து ஒதுங்கிய ஆமைகளை எண்ணுவார்கள். ஆமைக்கு நுரையீரல்தான் உண்டு, செவுள் இல்லை. இழுவலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூச்சுத் திணறி இறந்துவிடும். அளவெடுத்து, மறுபடி எண்ணிக்கையில் சேராதிருக்க ஓட்டின்மீது வண்ணம் பூசி விடுவார்கள். முதல் வாரத்தில் அவளுக்கு இந்த வேலையே மிகுதியாக வாய்த்தது. “வண்ண டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடக்கவா வந்தேன்?” என்று ஒருநாள் இரவு தொலைபேசியில் கேட்டாள். திரும்பி வந்துவிடு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் புருணாபந்தா என்ற மீனவச் சிற்றூரைச் சேர்ந்த இளைஞர். ஈர மணலில் தடத்தைப் பார்த்தே ஆமை முட்டையிட்டுத் திரும்பியதா, வெறுமனே ஏறி இறங்கியதா என்று சொல்லிவிடுவார். தென்காற்று வலுக்கும் நாட்களில்தான் திரள் ஏறும் என்பது அவ்வூர்ப் பெரியவர்களின் கணிப்பு. ஆய்வாளர்களும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பருவ முடிவில் என் மகளுக்குச் சான்றிதழ் கிடைத்தது. பல பருவங்களாக உழைக்கும் அவருக்கு அன்றாடக் கூலி மட்டுமே.

மீனவர் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒடிசாவில் நவம்பர் 1 முதல் மே 31 வரை ஆமைகள் கூடும் பகுதிகளில் கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை மீன்பிடிக்கத் தடை. ஏழு மாதங்கள்! ஆமைக்கு அது உயிர். படகில் கூலிக்குச் செல்பவருக்கு வருமான இழப்பு. 2018-19 முதல் மீனவர்களுக்கும் கிசான் கடன் அட்டை வழங்கப்படுகிறது. ஆயினும் தவணைத் தேதியைக் குறிக்கும்போது கடலின் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும் என்பதை நான் கஞ்சத்தில்தான் கற்றேன். அந்த இளைஞர் படகு இயந்திரத்துக்குக் கடன் கேட்டு வந்தபோது வருமானச் சான்று இல்லை. ஆய்வுக் குழு அவருடைய பணி நாட்களைப் பருவம் பருவமாகக் குறித்து ஒரு கடிதம் தந்தது. அதை எழுதித் தருமாறு குழுவை வற்புறுத்தியவள் என் மகள். கூட்டுப் பொறுப்புக் குழு வழியாகக் கடன் வழங்கினோம். தவணை தவறாமல் வருகிறது.

பிப்ரவரி சென்றது. கடலில் ஆமைகள் தலை தூக்குவதைப் படகில் சென்றவர்கள் கண்டார்கள். தனித்தனியாகச் சில ஆமைகள் ஏறின. அவற்றின் முட்டைகளைப் பாதுகாத்தார்கள். மார்ச் சென்றது. பட்டைகள் குறிக்கக் கழிகளும் கயிறும் தயாராகக் கிடந்தன. ஒவ்வோர் இரவும் குழு காத்திருந்தது. 2024இல் ருசிகுல்யாவில் திரள் ஏறவே இல்லை.

ஏப்ரலில் வீட்டுக்கு வந்தாள். முழங்கால் வரை வெயிலில் கறுத்திருந்தாள். என் மனைவி ஊரிலிருந்து வந்திருந்தாள். “லட்சம் ஆமை என்றாயே, ஒன்றுமே வரவில்லையா?” என்று கேட்டாள். மகள் பதில் சொல்லவில்லை. அவளுடைய குறிப்பேட்டை நான் எடுத்துப் பார்த்தேன். தேதி, நேரம், நடந்த தூரம், காற்றின் திசை, அலையின் நிலை. திரள் என்ற கட்டத்தில் நாள்தோறும் சுழி. எழுபதுக்கும் மேற்பட்ட இரவுகள், எழுபதுக்கும் மேற்பட்ட சுழிகள். ஓரிடத்திலும் கட்டத்தை வெற்றாக விடவில்லை.

வங்கியில் ‘நில் ரிட்டர்ன்’ என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட நிகழ்வு எதுவும் கிளையில் நடக்கவில்லை என்றாலும், ‘சுழி’ என்று எழுதிக் கையொப்பமிட்டு மண்டல அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் நடக்கவில்லை என்று பொருளன்று; யாரும் பார்க்கவில்லை என்றே பொருள். புதிதாகச் சேர்ந்த நாட்களில் இதை வீண் வேலை என்று நான் முணுமுணுத்ததுண்டு. அன்று மகளிடம் இதைச் சொன்னேன். “எங்கள் ஆய்வாளரும் இதையேதான் சொன்னார். ஆனால் நீங்கள் சொல்வதுதான் புரிகிறது” என்றாள். பயிற்சிக் கட்டணம் வாங்கும் நிலையங்களைப் பற்றி அதற்குப் பின் நான் பேசவில்லை.

அந்த நாட்களில் சதீஷ் பாஸ்கரைப் பற்றி அவள்தான் எனக்குச் சொன்னாள். சென்னை ஐ.ஐ.டி. படிப்பை விட்டுவிட்டு, 1970களில் ரோமுலஸ் விட்டேகரின் பாம்புப் பண்ணையைச் சார்ந்த குழுவோடு சேர்ந்து ஆமைகளைத் தேடி நடக்கத் தொடங்கியவர். இந்தியக் கடற்கரையில் பல்லாயிரம் கிலோமீட்டர் காலால் நடந்து ஆமைகளைப் பதிவுசெய்தார். லட்சத்தீவுகளில் பச்சை ஆமைகள் முட்டையிடுவது மழைக்காலத்தில். அப்போது ஆளில்லாத சுஹேலி தீவுக்குப் படகு செல்லாது. ஆகவே 1982இல் மழைக்கு முன்பே அங்கே இறங்கி, ஐந்து மாதம் தன்னந்தனியே தங்கிவிட்டார். மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். இலங்கைக் கரையில் ஒதுங்கிய அந்தப் புட்டியைக் கண்டெடுத்த மீனவர் ஒருவர் அதை அஞ்சலில் சேர்த்தார். கடிதம் வீடு வந்தது. 2023இல் அவர் மறைந்தார். இன்றைய பிள்ளைகளிடம் கைபேசி இருக்கிறது. பெற்றோரின் கவலை மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் வாடிக்கையாளர்கள் வீட்டிலும் இத்தகைய விருப்பத்தோடு ஒரு பிள்ளை இருக்கலாம். ஆமைக்காக ஒடிசாவுக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி மாவட்டத்தின் வேளாஸ் கிராமத்தில் ஊர் மக்களே ஆமை முட்டைகளைக் காக்கிறார்கள். அந்தமானின் சின்ன அந்தமான் தீவில் உலகின் மிகப் பெரிய ஆமையான தோல்முதுகு ஆமையைப் பருவந்தோறும் கண்காணிக்கிறார்கள். நம் கோடியக்கரையில் வலசை வரும் நீர்ப்பறவைகளுக்கு வளையமிடும் பணியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நெடுங்காலம் நடத்தி வந்துள்ளது.

விண்ணப்பிக்கும் முன் சிலவற்றைக் கேட்டறிவது நல்லது. கடலாமைகள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளவை. அனுமதியின்றி முட்டையைத் தொடுவதே குற்றம். ஆகவே வனத்துறை அனுமதி எந்த அமைப்பின் பெயரில் இருக்கிறது என்று முதலிலேயே கேட்கலாம். நேர்மையான அமைப்பு அதற்கு முகம் சுளிக்காது. இரவுப் பணியில் துணைக்கு யார் வருவார், அருகில் மருத்துவமனை எவ்வளவு தூரம், இடையில் உடல்நலம் குன்றினால் என்ன ஏற்பாடு என்பவற்றையும் எழுத்தில் பெறுங்கள். 18 வயது நிறைந்த பிள்ளையின் சேமிப்புக் கணக்கில் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தைச் சேர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கிறது. என் மகள் புறப்படும் முன் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

எங்கள் கிளையின் வாடிக்கையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மகன், இணையத்தில் வந்த ஒரு விளம்பரத்தை நம்பி 18,000 ரூபாயைக் கைபேசி வழியாகச் செலுத்திவிட்டார். தீவில் பத்து நாள் தங்கல், ஆமைக் குஞ்சுகளைக் கையில் ஏந்திப் படம், முத்திரையிட்ட சான்றிதழ் என்றெல்லாம் அதில் இருந்தது. பணம் சென்றதும் எண் அணைந்துவிட்டது. அன்றே 1930 என்ற உதவி எண்ணுக்குப் புகார் செய்யவைத்தோம். ஒரு பகுதி வழியிலேயே முடக்கப்பட்டது, எஞ்சியது வரவில்லை. பணத்தைவிட, அந்தப் பையன் அதன் பிறகு கடற்கரைப் பேச்சையே எடுக்கவில்லை என்று ஆசிரியர் வருந்தினார். குஞ்சைக் கையில் ஏந்திப் படம் எடுக்கலாம் என்று ஆசை காட்டுகிற இடம் எதுவாயினும் ஐயுற வேண்டியதே.

2025 பிப்ரவரி நடுவில் ருசிகுல்யாவில் ஆமைகள் திரண்டு ஏறின. அந்தத் திரளின் கணக்கு 7 லட்சத்தை நெருங்கியது. என் மகள் அப்போது முதுகலை முதலாண்டில் இருந்தாள். மறுநாள் செய்முறைத் தேர்வு. வர இயலவில்லை. நான் மட்டும் சென்றேன். புருணாபந்தா இளைஞர் தடுப்பின் மறுபக்கத்தில் கழியும் கயிறுமாக நின்றார். என்னைக் கண்டதும், “மகள் வரவில்லையா, சார்?” என்று கேட்டார். அவள் எழுதிய சுழிகளுக்கு அடுத்த வரிசையில் இப்போது எண்கள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றன என்றார்.

அவளை அழைத்தேன். வெளிச்சம் கூடாது என்பதால் படம் காட்டவில்லை. திரையைச் சட்டையால் மூடிக்கொண்டு கைபேசியை மட்டும் தடுப்பை ஒட்டி நீட்டினேன். மிக அருகில் ஓர் ஆமை உடலை இருபுறமும் ஆட்டி மணலைத் தட்டிக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தது. தொப், தொப் என்ற ஓசை. அவள் நெடுநேரம் பேசவில்லை.

“குழியை மூடுகிறது” என்றாள் பிறகு. “மணி எத்தனை, அப்பா?”

“ஒன்று நாற்பது.”

“காற்று?”

முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். “தெற்கிலிருந்து.”

“குறித்துக்கொள்ளுங்கள்” என்றாள். சட்டைப் பையில் பேனா இருந்தது. தாள் இல்லை. ஏ.டி.எம். ரசீது ஒன்றின் பின்புறத்தில், இருட்டில், தடவித் தடவி எழுதிக்கொண்டேன்.